மூக்குத்தண்டு வளைவு: மூச்சும் முகமும் ஒரே ஆபரேஷனில் சரியாகுமா?

கேள்வி கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரு அக்கா தம்பிக்காகக் கேட்கிறார். தம்பிக்கு 26 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் வேலை. மூன்று வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து மூக்கில் அடி. ரத்தம் நின்றதும் வீட்டுக்கு வந்துவிட்டார், அதோடு விட்டுவிட்டார்கள். இப்போது மூக்கு வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, நடுவில் ஒரு மேடு, இடது பக்கம் காற்றே போவதில்லை, ராத்திரி முழுக்க வாயைத் திறந்தபடி தூக்கம். ஒரு டாக்டர் செப்டோபிளாஸ்டி, அதாவது உள்ளே நடுச்சுவரை மட்டும் நேராக்கும் ஆபரேஷன் போதும் என்கிறார். இன்னொருவர் செப்டோரைனோபிளாஸ்டி, அதாவது நடுச்சுவரோடு வெளிமூக்கையும் சேர்த்து நேராக்கும் ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்கிறார். தை மாதம் கல்யாணம், இப்போது ஆடி. எதைச் செய்வது, எப்போது செய்வது, இன்சூரன்ஸ் கிடைக்குமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்ங்க. வெளியே மூக்கு சாய்ந்து, உள்ளேயும் அடைத்திருக்கிற கேஸில் இரண்டாவது டாக்டர் சொல்வதுதான் பெரும்பாலும் பொருந்தும். முதல் டாக்டர் தப்பாகச் சொல்கிறார் என்று இல்லை. வளைவு மூக்கின் பின்பகுதியில் மட்டும் இருந்து வெளியே மூக்கு நேராக நின்றால், அவர் சொல்கிற சின்ன ஆபரேஷனே போதும். உங்கள் தம்பிக்கு எது என்பதை சி.டி. ஸ்கேனும் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியும்தான் உறுதி செய்யும். ஆனால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு மூக்கின் கட்டுமானம் தெரிய வேண்டும்.

நம்மூர் ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு பக்கமும் சரிந்த கூரை, அதை நடுவில் தாங்கும் ஒரு சுவர். கூரையின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு; கண்ணாடி உட்காருகிற இடம் அது. அதற்குக் கீழே எல்லாம் குருத்தெலும்பு. நடுச்சுவர்தான் செப்டம், நாம் மூக்குத்தண்டு என்கிறோம். முன்பக்கம் அது நாற்கோணமான ஒரு குருத்தெலும்புத் தகடு, பின்னால் மெல்லிய எலும்பு. இரண்டு பக்கமும் சளிச்சவ்வு ஒட்டியிருக்கும். குருத்தெலும்புக்கு என்று தனி ரத்தக்குழாய் கிடையாது, இந்தச் சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுச்சுவரின் மேல்விளிம்பு சாய்ந்திருந்தால் கூரையும் சாய்ந்துதான் நிற்கும். கீழே சுவரைச் சீவி வழி பண்ணிவிட்டு, மேல்விளிம்பைத் தொடாமல் விட்டால் மூக்கு அப்படியே சாய்வாக இருக்கும், காற்றும் முக்கால்வாசி வராது. ஏனென்றால் மூக்கில் காற்றுப்பாதை மிகக் குறுகுகிற இடம் பின்னால் இல்லை, முன்னால்தான். துவாரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் போல உள்ளே, நடுச்சுவரும் பக்கக் குருத்தெலும்பும் சேருகிற மூலை. இதை உள்வால்வு என்பார்கள். அந்த மூலையின் கோணம் 10 முதல் 15 டிகிரி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும், நம்மவர்களின் மூக்கில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். மூக்கு காற்றுக்குக் கொடுக்கும் தடையில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் இங்கே குறைந்தால் ஆள் வாயால் மூச்சு விட ஆரம்பித்துவிடுவார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தம்பியைக் கண்ணாடி முன் நிற்கச் சொல்லுங்கள். இடது பக்க மூக்குக்கு ஒட்டின கன்னத்தில் ஒரு விரலை வைத்து, காதை நோக்கி மெதுவாக இழுக்கட்டும். வலது துவாரத்தை மற்றக் கையின் விரலால் கீழிருந்து மூடிக்கொண்டு (பக்கவாட்டில் அழுத்தக் கூடாது, அழுத்தினால் நடுச்சுவர் நகர்ந்துவிடும்) மூச்சை இழுக்கட்டும். இழுத்துப் பிடித்திருக்கையில் நன்றாகக் காற்று வந்து, விட்டதும் அடைத்தால் வால்வில் கோளாறு. எந்த மாற்றமும் இல்லையென்றால் அடைப்பு இன்னும் உள்ளே, அல்லது வால்வே தழும்பால் ஒட்டிக்கிடக்கிறது. கன்னத்தை இழுத்தால் நல்ல மூக்குக்கும் கொஞ்சம் லேசாகத் தெரியும், அதனால் வலது பக்கமும் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் இதையே பஞ்சு சுற்றாத ஒரு மெல்லிய கம்பியால் உள்ளிருந்து தூக்கிப் பார்ப்பார், அது இன்னும் நம்பகமானது.

அடுத்து "சதை வளர்ச்சி" என்ற சொல். இங்கே ஈரோடு முதல் பொள்ளாச்சி வரை மூக்கடைப்புக்கு எல்லோரும் சொல்லும் பெயர் இது, ஆனால் மூன்று வெவ்வேறு சமாச்சாரத்துக்கு இந்த ஒரே பெயர் ஓடுகிறது. குழந்தைகளுக்கு மூக்குக்குப் பின்னால் வருவது அடினாய்டு. திராட்சை மாதிரி தொங்குவது பாலிப். மூன்றாவது டர்பினேட், அது எல்லோருக்கும் பிறவியிலேயே பக்கச்சுவரில் இருப்பது, காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிற உறுப்பு. நடுச்சுவர் இடது பக்கம் வளைந்திருந்தால், காலியாக விரிந்த வலது பக்கத்தில் டர்பினேட் மெல்ல மெல்லப் பெருத்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். வளைவை மட்டும் நேராக்கி அதை விட்டுவிட்டால், இடது திறந்து வலது அடைக்கும். அதனால் பெரும்பாலும் டர்பினேட்டையும் சேர்த்துச் சுருக்குவார்கள். சுருக்குவதுதான், வெட்டி எடுப்பதில்லை. மொத்தமாக எடுத்தால் மூக்கு வறண்டு பொருக்குக் கட்டும். வழி அகலமாக இருந்தும் மூச்சு வரவில்லை என்று சிலர் தவிப்பார்கள், காற்றின் குளிர்ச்சியை உணர்கிற சவ்வே போய்விட்டதால். "சதையை முழுசா எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பியின் வேலையும் இங்கே கணக்கில் வரும். கட்டிங் டேபிளில் பறக்கும் பஞ்சு, பல்லடம் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தூசி, பொள்ளாச்சியில் தேங்காய் நார்த்தூள், நாமக்கல்லில் கோழிப்பண்ணை, எல்லா ஊரிலும் பார்த்தீனியம். அலர்ஜியால் வீங்கின மூக்கை ஆபரேஷன் சரி செய்யாது. ஆகவே முதலில் நான்கு முதல் ஆறு வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, மொமெட்டசோன் அல்லது ஃப்ளூட்டிகசோன், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி. இதை அடிப்பதிலேயே பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். தலையை அண்ணாந்து, நடுச்சுவரைப் பார்த்து அடித்து, பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போகும், சுவரில் ரத்தம் கசியும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால் குழாயின் நுனி தானாகக் காதுப்பக்கம் திரும்பும். அடித்தபின் மெல்ல ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேறு. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் என்று பாட்டிலில் சின்ன எழுத்தில் இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால் சொட்டு விட்டால்தான் மூக்கு திறக்கும் என்ற நிலை வந்துவிடும். மாதக்கணக்கில் போட்டுவருகிறவரின் மூக்கில் எது வளைவால், எது மருந்தால் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. தம்பி போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

சரி, ஏன் ஒரே ஆபரேஷன்? இன்னொரு காரணம் கொஞ்சம் கணக்கு சம்பந்தப்பட்டது. மூக்கை நேராக்க, தாங்க, மேட்டை எடுத்த இடத்தைச் சமன்படுத்தக் குருத்தெலும்புத் துண்டுகள் வேண்டும். அதற்கு முதல் சேமிப்பு நடுச்சுவர்தான். இப்போது செப்டோபிளாஸ்டி மட்டும் செய்து வளைந்த தகட்டை எடுத்து வீசிவிட்டால், இரண்டு வருடம் கழித்து வெளிமூக்கை நேராக்கப் போகும்போது சேமிப்பு காலி. பிறகு காதுமடலின் குழியிலிருந்தோ, ஆறாவது ஏழாவது விலா எலும்பின் முனையிலிருந்தோ எடுக்க வேண்டும். காதுக் குருத்தெலும்பு வளைந்தும் மென்மையாகவும் இருக்கும். விலாவில் நிறையக் கிடைக்கும், ஆனால் செதுக்கியபின் காய்ந்த பலகை மாதிரி முறுக்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. நடுப்பகுதியை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகச் செதுக்கி எடுத்தால் முறுக்கல் குறையும் என்று கிப்சனும் டேவிஸும் 1958-லேயே காட்டினார்கள், இன்றும் அதுதான் அடிப்படை. சிலிக்கான் வைத்துவிடலாமே என்பார்கள். ஏற்கனவே அடிபட்டுச் சவ்வும் தோலும் இறுகின மூக்கில் அது பிற்காலத்தில் தோலைத் துளைத்து வெளியே வரலாம், சீழ் பிடிக்கலாம். சொந்தக் குருத்தெலும்பு இருக்கும்போது அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஆபரேஷன் நடக்கும் விதம் இது. முழு மயக்கம். நேரம் பொதுவாக இரண்டரையிலிருந்து நான்கு மணி. வாய் வழியாக மூச்சுக்குழாய் போட்டு, ரத்தம் வயிற்றுக்குள் போகாதபடி தொண்டையில் ஈரத் துணி வைப்பார்கள். முடிந்ததும் அதை எடுத்தாயிற்று என்று எண்ணிச் சொல்வது தியேட்டரில் கட்டாயம். பிறகு அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் ஊசி, லட்சத்தில் ஒரு பங்கு வீரியத்தில். போட்டதும் கத்தி வைக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் ரத்தக்குழாய் சுருங்கித் தளம் சுத்தமாகத் தெரியும்.

அடிபட்டுச் சாய்ந்த மூக்குக்குத் திறந்த முறையே வசதி. இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தூணில், மிக ஒடுங்கிய இடத்தில், கவிழ்த்த "வி" வடிவில் ஒரு சின்னக் கீறல், மீதியெல்லாம் துவாரத்துக்குள் மறைவாக. தோலை மூடி மாதிரித் தூக்கினால் கட்டுமானம் முழுக்கக் கண்முன் தெரியும். பக்கக் குருத்தெலும்புகளை நடுச்சுவரிலிருந்து பிரிப்பார்கள். கூரையைப் பிரித்தால்தானே சுவரை நேராக்க முடியும்? சுவரின் இரண்டு பக்கச் சவ்வையும் கிழியாமல் உரிப்பதுதான் இதில் பொறுமை வேண்டும் வேலை. ஒரு பக்கம் கிழிந்தால் ஆறிவிடும். இரண்டு பக்கமும் நேருக்கு நேர் கிழிந்தால் ஓட்டை நிற்கும், மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கும்.

வளைந்த தகட்டில் நடுவிலிருந்து தேவையானதை எடுப்பார்கள். மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையாக விட்டே ஆக வேண்டும். ஆங்கில "எல்" எழுத்தைத் தலைகீழாக வைத்த மாதிரி நிற்கும் அந்தப் பட்டைதான் மூக்கைத் தாங்கும் தூணும் உத்தரமும். அதைக் குறைத்தால் சில மாதத்தில் மூக்கு நடுவில் சேணம் போலக் குழிந்துவிடும். கீழ் நுனி நடுக்கோட்டை விட்டு நழுவியிருந்தால், மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன எலும்பு முனையோடு கரையும் நூலால் கட்டி நிறுத்துவார்கள்.

மேட்டை அரத்தால் ராவுவார்கள். மேடு என்பது எலும்பு மட்டும் இல்லை, கீழ்ப்பாதி குருத்தெலும்பு. எடுத்தபின் கூரை உச்சி திறந்து தட்டையாகத் தெரியும், அதனால் பக்க எலும்புகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல உளியால் அடியில் வெட்டி உள்ளே தள்ளி மூட வேண்டும். சாய்வைத் திருப்புவதும் இந்த வெட்டில்தான் நடக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். எலும்பை உள்ளே தள்ளினால் முகம் அழகாகும், வால்வு குறுகும். அழகுக்கு மட்டும் பார்த்துச் செய்த பழைய ஆபரேஷன்களில் மூச்சு கெட்டதற்குக் காரணம் இதுதான். இதற்கு மாற்றாக 1984-ல் ஜேக் ஷீன் ஒரு வழி சொன்னார். நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தட்டையான ஒரு துண்டு. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஆசாரி சக்கை வைக்கிற மாதிரி. நீளம் 20 முதல் 25 மில்லிமீட்டர், அகலம் 3 முதல் 5, கனம் ஒன்று இரண்டு. இதற்குப் பெயர் ஸ்ப்ரெடர் கிராஃப்ட். மூலை விரிந்து காற்று வரும், வளைந்த சுவருக்குச் சிம்பு வைத்துக் கட்டினது போலவும் ஆகும், மேலே இரண்டு கோடும் நேராக விழும். உங்கள் தம்பி மாதிரி கேஸில் சாய்ந்த பக்கத்துக்கு ஒரு கனம், எதிர்ப்பக்கத்துக்கு வேறு கனம் என்று வைப்பதும் உண்டு. டாக்டரிடம் "என்ன எடுப்பீங்க" என்று கேட்பதைவிட, "உள்ளே எதை விட்டுவைப்பீங்க, எதைப் புதுசா வைப்பீங்க" என்று கேளுங்கள். அவர் எப்படி யோசிக்கிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

கடைசியில் நுனியைத் தையலில் ஒழுங்குபடுத்தி, கீறல் போட்ட தூணில் மெல்லிய நைலான் தையல், உள்ளே சிலிக்கான் தகடு இரண்டு, வெளியே கட்டு.

ஆபரேஷனுக்கு முன் கவனிக்க வேண்டியவை சில. ஆஸ்பிரின், ஐப்யூப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை ஏழு முதல் பத்து நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, தம்பிக்கு அது பொருந்தாது. வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரையும் நிறுத்துவது நல்லது. பீடி சிகரெட் நான்கு வாரம் முன்பே, பிறகு நான்கு வாரம். இதில் சமரசமே கிடையாது, நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கி நுனித்தோலைக் கருக்கிவிடும். முந்தின ராத்திரியோடு சாப்பாடு நிறுத்தம். திட உணவுக்கு ஆறு மணி, வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி இடைவெளி என்பது மயக்க மருத்துவரின் கணக்கு. பெண்களாக இருந்தால் மூக்குத்தியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், மின்கத்தி உபயோகிக்கும்போது உலோகம் சுடும். துளை தூர்ந்துவிடுமே என்று வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வர வேண்டாம்.

முதல் வாரம்தான் கஷ்டம். வலி அவ்வளவு இருக்காது, அடைப்புதான் ஆளைப் படுத்தும். உள்ளே தகடு, வீக்கம், பொருக்கு. ஐந்து முதல் ஏழு நாள் வாய் வழியாகத்தான் மூச்சு. இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணைச் சுற்றி நீலம் பாரித்து இரண்டாம் நாள் அதிகமாகி, பத்துப் பதினாலு நாளில் மறையும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பயந்து ஆளுக்கொன்று சொல்வார்கள். அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய வைத்து வெதுவெதுப்பாகக் கொடுங்கள், கொள்ளு ரசத்தை ஆவி பறக்கக் காரமாகக் கொடுக்க வேண்டாம். ஆவி பிடிப்பதும் முதல் வாரம் கூடாது, சூடு பட்டால் ரத்தக்குழாய் விரிந்து கசியும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது.

உப்புத்தண்ணீரில் கழுவச் சொல்வார்கள், இதுதான் பொருக்கு கட்டாமல் காக்கும். கால் லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, அயோடின் சேர்க்காததாக இருந்தால் எரியாது, ஒரு சிட்டிகை சமையல் சோடா. சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் கொதிக்க வைத்து ஆற வைத்ததுதான். குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ நேராக மூக்குக்குள் விடக் கூடாது, மூளையைத் தாக்கும் அமீபா நுழைகிற வழி அது. மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் வீட்டில் இருந்தால் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தி வையுங்கள்.

ஏழாம் நாள் கட்டைப் பிரித்ததும் கண்ணாடியைப் பார்த்துப் பலர் மனமொடிந்து போவார்கள். நுனி தூக்கலாக, மூக்கு அகலமாக, பன்றிமூக்கு மாதிரி இருக்கும். அது வீக்கம். மூன்று மாதத்தில் பெரும்பகுதி வடியும், நுனி அடங்க ஒரு வருடம் ஆகும், நம்மைப் போலக் கனமான தோல் உள்ளவர்களுக்கு அதற்கும் மேலே. காலையில் கூடி மாலையில் குறைவதும் சகஜம். மூச்சு மட்டும் தகடு எடுத்த அன்றே ஓரளவு தெரியும், நிலையாக ஆறு வாரம் முதல் மூன்று மாதம்.

வேலைக்கு? உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் போகலாம். கட்டிங் டேபிளில் துணிக்கட்டைத் தூக்கிப் போடுகிற வேலையும் பஞ்சும் சேர்ந்திருப்பதால் மூன்று நான்கு வாரம் விடுப்பு எடுப்பதே புத்தி, திரும்பிப் போகும்போது முகக்கவசத்தோடு. மூக்குக்கண்ணாடி ஆறு வாரம் மூக்கின் மேல் உட்காரக் கூடாது. முழு ஹெல்மெட்டைக் கழற்றும்போது மூக்கில் இடிக்கிற ஒரு இடி போதும், நகர்த்தின எலும்பு நகர்ந்துவிடும். ஒரு மாதம் வண்டி வேண்டாம், பஸ்ஸில் போகட்டும். கபடி மூன்று மாதத்துக்குப் பிறகு.

எது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்க வேண்டும்? கால் மணிக்கு ஒரு பஞ்சு நனைகிற அளவு புது ரத்தம். முதல் இரண்டு நாளில் மட்டுமில்லை, ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும் பொருக்கு கழலும்போது வரலாம். உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெற்றியில் ஐஸ், வாயில் வரும் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கிளம்ப வேண்டியதுதான். இரண்டாவது, வலி குறைந்துவந்து திடீரென்று கூடினால், இரண்டு பக்கமும் கட்டை மாதிரி அடைத்துக் காய்ச்சல் வந்தால். சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருக்கலாம். சவ்விலிருந்துதான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு என்றேனே, தேங்கின ரத்தம் அதைத் துண்டித்துவிடும். சில நாளில் குருத்தெலும்பு கரைந்து மூக்கு உட்கார்ந்துவிடும். இது ஆபரேஷனுக்குப் பின் மட்டுமில்லை, புதிதாக மூக்கில் அடிபட்ட யாருக்கும் பொருந்தும். அன்றைக்கே யாராவது உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். எலும்பு நகர்ந்திருந்தால் பெரியவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம், வெட்டாமலே தூக்கி நிமிர்த்திவிடலாம். தாண்டினால் தப்பாகவே ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆறு மாதம் பொறுத்து இந்தப் பெரிய ஆபரேஷன்தான். உங்கள் தம்பி தவறவிட்டது அந்தப் பத்து நாளைத்தான்.

மற்றபடி நடக்கக்கூடியவை: மேல் முன்பற்களும் நுனியும் சில வாரம் மரத்துப்போதல், உள்ளே தழும்பு ஒட்டிக்கொள்வது, நுனிக்கு மேலே கிளிமூக்கு மாதிரி ஒரு வீக்கம் நின்றுபோவது. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, நேராக்கின மூக்கு கொஞ்சம் பழைய பக்கமே திரும்புவது. குருத்தெலும்புக்கு ஞாபகசக்தி உண்டு. நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு மறுபடி ஏதாவது திருத்தம் தேவைப்படுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அடிபட்டுச் சாய்ந்த மூக்கை இதில் மேல்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தமும் ஒரு வருடம் கழித்துத்தான். "நூல் பிடித்த மாதிரி நேராகும்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சத்தியமங்கலம் சீமைதான் 1650-களில் மூக்கறுப்புப் போர் தொடங்கிய இடம். மைசூர்ப் படை அங்கே புகுந்து கண்டவர் மூக்கையெல்லாம் அறுத்தது. மதுரைப் படை திருப்பி அடித்து மைசூர்ச் சீமையிலும் அறுத்தது. நூற்று முப்பது நாற்பது வருடம் கழித்து, திப்புவோடு நடந்த சண்டையில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கை இழந்தார். புனே பக்கம் உள்ளூர் வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது படத்தோடு வந்தது, அதைப் பார்த்துப் பழகி 1814-ல் ஜோசப் கார்ப்யூ அங்கே அதே ஆபரேஷனைச் செய்தார். தோல் புற்றுநோயில் மூக்கு போனவர்களுக்கு இன்றும் நெற்றித் தோல்தான். உங்கள் தம்பிக்குத் தோல் பத்திரமாக இருக்கிறது, கட்டுமானம் மட்டும்தான் குலைந்திருக்கிறது.

பணம். அழகுக்கான ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, ஆனால் விபத்துக்குப் பிந்தைய சீரமைப்புக்கும் மருத்துவத் தேவைக்கும் அந்த விலக்கு பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். மூன்று விஷயம் பாருங்கள். காது மூக்கு தொண்டைச் சிகிச்சைகளுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. விபத்தால் வந்தது என்றால் அது பொருந்தாது. விபத்து பாலிசி எடுப்பதற்கு முன்பு நடந்திருந்தால் ஏற்கனவே இருந்த கோளாறு என்பார்கள், அதற்கு 36 மாதம் வரை காத்திருப்பு வரலாம். மூன்றாவது, ஆதாரம். அன்று ரத்தம் நிறுத்தப் போன ஆஸ்பத்திரியின் சீட்டு, அரசு ஆஸ்பத்திரி என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, இதைத் தேடி எடுங்கள். டாக்டர் சீட்டில் உள்ளதை உள்ளபடி, விபத்தால் வந்த சாய்வு, மூச்சடைப்பு, வால்வுக் குறுக்கம் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே அனுமதி வாங்காமல் தேதி குறிக்க வேண்டாம். சில ஆஸ்பத்திரிகளில் மூச்சுக்கான பகுதிக்கு இன்சூரன்ஸ், வெளித் தோற்றத்துக்கான பகுதிக்குக் கையிலிருந்து என்று பில்லைப் பிரிப்பார்கள். எது எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளம் 21,000-க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் போனால், கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்ப்பலனாகவும் கிடைக்கும், அதற்கு மருத்துவச் சான்று முதல் நாளிலிருந்தே வேண்டும். இல்லையென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரியும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போய், இந்தச் சிகிச்சை பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரிலேயே கேட்கலாம்.

தேதிக் கணக்குக்கு வருவோம். ஆடி முழுக்க ஸ்ப்ரே, ஸ்கேன், அனுமதி. ஆவணியில் ஆபரேஷன் ஆனால் தைக்குள் நான்கரை, ஐந்து மாதம் கிடைக்கும். மூச்சு சரியாகியிருக்கும், மூக்கு பார்வைக்கு நன்றாக இருக்கும், நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும். இணைச்சீருக்கு (கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய சடங்கு) நீங்கள் பக்கத்தில் உட்காரும்போது அது உங்களுக்குத் தெரியலாம், மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஐப்பசியைத் தாண்டினால் எடுக்காதீர்கள், கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருடம் பொறுத்த மூக்கு இன்னும் மூன்று மாதம் பொறுக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, சி.டி. படம் உள்ள தட்டையும் எடுத்துப் போங்கள்; வளைவு எங்கே என்பதை அவர் தானே நகர்த்திப் பார்க்க வேண்டும். விபத்துக்கு முந்தைய போட்டோவும் வேண்டும். செல்ஃபி உதவாது, ஒரு சாண் தூரத்தில் எடுத்தால் எந்த மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பீரோவில் கிடக்கும், நேராகப் பார்த்து, சிரிக்காமல். அது போதும்.